வானிலைக்குக் கூரை போட்டது யார்?

கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வானம் என்றால் மேகம் வரைதான். பெய்யுமா, பெய்யாதா? அவ்வளவுதான் கேள்வி. அது நியாயம். ஆனால் நம் முன்னறிவிப்பும் வானத்தை அங்கேயே நறுக்கிவிட்டு, அப்புறம் ஒரே தாவாகச் சூரியனுக்குப் போய்விடுகிறதே, அதுதான் வேடிக்கை. நடுவில் இருக்கும் ஐநூறு, அறுநூறு கிலோமீட்டர் யார் கணக்கு?

2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 கிளம்பியது. 2024 ஜனவரி 6-ல் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. நல்ல விஷயம், கைதட்டலாம். ஆனால் விண்வெளி வானிலை என்றாலே சூரியன் மட்டும்தான் என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது பாருங்கள், அது தப்பு.

2009 ஜனவரியில் சூரியன் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருந்தது. வட துருவத்துக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில், காற்று திடீரென்று சூடானது. அதன் விளைவு பூமத்திய ரேகைப் பகுதியின் அயனி மண்டலம் வரை தெரிந்தது! அதாவது கீழே நடப்பது மேலே எதிரொலிக்கிறது. இடிமேகம் கிளப்பும் அலைகளும் மேலே ஏறுகின்றன. சூரியனை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

இது நமக்கு ஏன் முக்கியம்? காந்த நடுக்கோடு கேளம்பாக்கத்துக்குத் தெற்கே சில நூறு கிலோமீட்டரில்தான், தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். இந்தக் கோட்டின் இரு பக்கமும், பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலத்தில் 'குமிழிகள்' கிளம்பி ஜிபிஎஸ் சிக்னலைக் குலுக்குகின்றன. சூரியப் புயல் இல்லாத நாளிலும் வரும். இன்றைக்கு வந்தது நாளைக்கு வராது. படகுக்கு இருபது மீட்டர் பிழை பெரிதில்லை. ககன் சிக்னலை நம்பி இறங்கும் விமானத்துக்கு உயரத்தில் இருபது மீட்டர் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழி, தரையிலிருந்து உச்சி வரை முழு வளிமண்டலத்தையும் ஒரே மாடலில் போடுவது. அமெரிக்காவின் நோவா அமைப்பு அதைத்தான் செய்தது. தன் ஜிஎஃப்எஸ் வானிலை மாடலின் கூரையைச் சுமார் 60 கிலோமீட்டரிலிருந்து 600-க்குத் தூக்கி, அயனி மண்டல மாடலோடு கோத்து, 2021-ல் அன்றாட வேலைக்கு விட்டது. அடுத்த ஆண்டே பாடம் கிடைத்தது. 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலில் மேல் காற்று உப்பி, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்குகளில் 40 வரை விழுந்தன. புயல் சின்னது, காற்று கொடுத்த பதில்தான் பெரியது.

இங்கே சொல்லப்படும் சாக்குகளைப் பார்ப்போம்.

1. "செலவு." நம் வானிலைத் துறை ஓட்டியதும் அதே ஜிஎஃப்எஸ் குடும்பம்தான். 2025-ல் ஆறு கிலோமீட்டர் நுணுக்கத்தில் பாரத் முன்னறிவிப்பு முறையும் வந்தாயிற்று. அஸ்திவாரம் இருக்கிறது, மாடி கட்டத்தான் மனசு வேண்டும்.

2. "அமெரிக்க மாடலையே பார்த்துக்கொள்ளலாமே." அதன் கட்டங்கள் சுமார் 200 கிலோமீட்டர். குமிழிகள் பல அதைவிடக் குறுகல். பெரிய ஓட்டை வலையில் நெத்திலி பிடிக்க முடியுமா?

3. "இரட்டை அலைவரிசை ரிசீவர் வந்தால் சரியாகிவிடும்." சிக்னல் தாமதம் சரியாகும். சிக்னலே அறுந்துபோனால்?

4. "திருநெல்வேலியிலும் காதங்கியிலும் ரேடார்கள் இருக்கின்றனவே." இருக்கின்றன, 1990களிலிருந்து. ஆனால் அளப்பது வேறு, முன்கூட்டிச் சொல்வது வேறு. மழை அளக்கும் ஜாடி மழையை முன்னறிவிக்காது. அந்த அளவீடுகள் அன்றன்றைக்கு ஒரு மாடலுக்குள் போனால்தான் நாளைய மாலையைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

கேட்பது ரொம்பச் சின்னது. மழை வாய்ப்பு சொல்வதுபோல, "இன்று இரவு எட்டு மணிக்குத் தென்னிந்தியாவில் ஜிபிஎஸ் குலுங்கும் வாய்ப்பு இவ்வளவு" என்று ஒரு வரி, தினமும், நம் சொந்த மாடலிலிருந்து. காந்த நடுக்கோடு இயற்கை நமக்கு இலவசமாகக் கொடுத்த ஆய்வுக்கூடம். அதன் மேல் குடியிருந்துகொண்டு, தலைக்கு மேல் நடப்பதை வெளியூர்க்காரன் சொல்லிக் கேட்பது கௌரவமா?