சோதிக்காத தோட்டத்தில் தொற்று இல்லையாம்!

தொழிலாளத் தோழர்களே!

“நம்ம தோட்டத்தில் கொவிட் இல்லை, பிரட்டுக்கு வாங்க” என்கிறது நிர்வாகம். எதை வைத்துச் சொல்கிறது? திகன பக்கத்து லயங்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், இருமல். சோதிக்க ஆள் வரவில்லை. தேடாதவனுக்கு என்ன அகப்படும்?

2021 ஆகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு நாடு மூடப்பட்டது. நம் முதுகிலிருந்து கொழுந்துக் கூடை மட்டும் இறங்கவில்லை.

செய்தியில் தினமும் வாசிக்கும் தொகை, சோதித்துக் கண்டுபிடித்தவர்களின் தொகை மட்டுமே. ஒரு வாரம் 100 பேரைச் சோதித்து 10 பேருக்குத் தொற்று. அடுத்த வாரம் 20 பேரைச் சோதித்து 5 பேருக்குத் தொற்று. பாதியாகக் குறைந்ததென்று மகிழலாமா? நூற்றுக்கு 10 இருந்தது 25 ஆகிவிட்டது! இந்த வீதம் இரண்டு வாரமாவது 5க்குக் கீழே நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே சொன்னது.

நோயின் கடுமைக்கு வேறு கணக்கு: ஒட்சிசன் தேவைப்படுவோர், மரணங்கள். ஆனால் மரணக் கணக்கு தொற்றி இரண்டு மூன்று வாரம் கழித்தே ஏறும். ஆகஸ்ட் கடைசியில் நாளுக்கு 200 அளவில் மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அவர்களில் பலருக்கு மாதத் தொடக்கத்திலேயே தொற்றிவிட்டது. மரணம் வரட்டும், பார்ப்போம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

தொகை கூடினாலே கடுமை கூடியதாகவும் ஆகாது. தடுப்பூசி போட்ட இடத்தில் மரணம் குறையும். ஆகவே, லயத்து முதியவர்களில் எத்தனை பேருக்கு ஊசி போட்டாயிற்று என்றும் கேட்போம்.

நம்மவர்களிலும் சிலர், “வெறும் தடிமன்தான், கசாயம் போதும்” என்கிறார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை. சோதித்தால் லயத்தை மூடுவார்கள், செக்ரோலில் பேர் விழாது, அடுப்பு எரியாது. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாயும் பேர் விழுந்தால்தானே! நோயை மறைக்க வைப்பது சம்பளமில்லாத தனிமைப்படுத்தல். ஆனால் பத்தடி அறையில், ஒரே குழாயில், ஒருவர் மறைத்தால் லயமே படுத்துவிடும்.

எனவே கேட்கிறோம்: காய்ச்சல் கண்ட லயத்தில் உடனே பரிசோதனை வேண்டும். தனிமைப்படுத்தும் 14 நாளுக்கும் சம்பளம் வேண்டும். முதியோருக்குத் தோட்டத்திலேயே ஊசி வேண்டும்.

அதுவரை தோட்டத் தலைவர்மார் லயத்துக்கு ஒரு கொப்பி போடுங்கள். யாருக்குக் காய்ச்சல், எந்த நாளிலிருந்து, மூச்சுத் திணறல் உண்டா, வயது என்ன, ஊசி போட்டாரா என்று எழுதுங்கள். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கொழுந்தில் கிலோ குறைந்தால் உடனே கண்டுபிடிக்கும் நிர்வாகத்துக்கு, காய்ச்சல்காரரை எண்ண மட்டும் தெரியாதா?