பழி ஓரிடம், பழுது ஓரிடம்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சொத்துப் பட்டியலில் கிடங்கு இருக்கும், தராசு இருக்கும், இரும்புப் பெட்டி இருக்கும். இவை யாவும் வைத்த இடத்தில் இருப்பவை. ஆண்டுக்கொருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். லாரி அப்படிப்பட்டதன்று. அது ஓடுகிறவரையில் எவரும் அதைப்பற்றி நினைப்பதில்லை. வழியில் நின்றுவிட்டாலோ நிர்வாகக் குழுவிலிருந்து மகாசபை வரையில் அதுவே பேச்சாகிவிடுகிறது. பேச்சு மிகுந்தவிடத்தில் இரண்டு முடிவுகள் எளிதில் பிறக்கின்றன. ஒன்று, “பம்பு போய்விட்டது”, மற்றொன்று, “டிரைவர் சரியில்லை.” இவ்விரு முடிவுகளும் அவசரத்தில் பிறப்பவை என்பதையும், பழைய டீசல் லாரியில் எண்ணெய் ஓட்டம் தடைப்படும்போது எதை முதலில் பார்த்து எதைக் கடைசியில் தொடவேண்டும் என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுத எனக்குள்ள தகுதி யந்திர ஞானம் அன்று; நான் செய்த ஒரு தவறே.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில், தக்காளியும் சின்ன வெங்காயமும் விளையும் பகுதியில் ஒரு சங்கம். அதன் லாரி வயதானது. பழைய முறைப் பம்பு பொருத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் அச்சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, மூன்றே மாதங்களில் நான்கு முறை டீசல் பில்டர் வாங்கப்பட்டிருப்பதைச் செலவுச் சீட்டுகளில் கண்டேன். “பில்டர் அடிக்கடி வாங்கப்படுவதன் காரணம் விளக்கப்பட வேண்டும்” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு வந்தேன். செயலாளர் விளக்கம் எழுதவில்லை. பில்டர் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஆட்சேபணைக்கு அஞ்சுகிற எவரும் செய்யக்கூடியதுதான் அது.

சில வாரங்களில் லாரி, பாரத்துடன் மதுரைச் சாலையில் நிற்கத் தொடங்கிற்று. கால் மணி நேரம் நின்றபின் தானே கிளம்பும். சிறிது தொலைவு சென்றதும் மீண்டும் நிற்கும். விடியுமுன் சந்தை சேரவேண்டிய தக்காளி வெயில் ஏறியபின் சேர்ந்தது. நசுங்கிய பெட்டிக்குக் கிடைத்த விலை, பறிகூலிக்கும் போதவில்லை. நிர்வாகக் குழு கூடிப் பம்பைக் கழற்றத் தீர்மானித்தது. பம்பு பட்டறைக்குப் போயிற்று. பல ஆயிரம் ரூபாய்க்குப் பட்டியல் வந்தது. பூட்டிய மூன்றாம் நாள் வண்டி அதே சாலையில் நின்றது. இதற்கிடையே, டிரைவர் டீசலை விற்றுவிட்டுக் கண்டதைக் கலந்து ஊற்றுகிறார் என்ற வதந்தி கிளம்பி, தற்காலிக ஊழியரான அவர் வேலையினின்று நிறுத்தப்பட்டார்.

கடைசியில், திண்டுக்கல்லிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை; டிரைவரைக் கூப்பிடச் சொன்னார். “வண்டி சட்டென்று நிற்கிறதா, தேய்ந்து தேய்ந்து நிற்கிறதா? நின்றபின் தானே கிளம்புகிறதா, கைப்பம்பு அடித்தால்தான் கிளம்புகிறதா? பாரம் இருந்தால் மட்டுமா, காலி வண்டியிலுமா?” என்று மூன்று கேள்விகள் கேட்டார். “தேய்ந்துதான் நிற்கிறது, தானே கிளம்புகிறது, காலியிலும் நிற்கிறது” என்று டிரைவர் உடனே பதிலுரைத்தார். அதுவரையில் எவரும் அவரிடம் அவற்றைக் கேட்டிருக்கவில்லை.

பெரியவர் டாங்கியின் அடித்திருகைக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது. பின்னர் துருச் செதில்கள் வந்தன. யந்திரம் ஓடும்போது உறிஞ்சுகுழாயின் வாயில் அச்செதில்கள் சென்று அடைத்துக்கொள்ளும். யந்திரம் நின்றதும் உறிஞ்சுதல் ஒழிந்து, அவை தாமே கீழே உதிர்ந்துவிடும். தானே நின்று தானே கிளம்பியதன் மர்மம் அவ்வளவே. டாங்கியைக் கழற்றிக் கழுவிப் பூட்டியபின் அந்தப் பழுது மறைந்தது. பில்டர்கள் அடிக்கடி அடைபட்டதும் அந்தத் துருவினால்தான். நான் கேட்ட கேள்வி சரியானதே. ஆனால் யந்திரத்திடம் கேட்கவேண்டியதை மனிதரிடம் கேட்டேன். ஆராய்ச்சியாகக் கேட்கவேண்டியதைக் குற்றச்சாட்டாகக் கேட்டேன்.

டீசல் செல்லும் வழியை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம். டாங்கியிலிருந்து உறிஞ்சுகுழாய் வழியாகப் புறப்படும் டீசலை இழுத்துத் தருவது பீடு பம்பு. கைப்பம்பு அதன்மீதே இருக்கும். அங்கிருந்து பில்டர்களைக் கடந்து அது பெரிய பம்பை அடைகிறது. பெரிய பம்பு அளவறிந்து, நேரமறிந்து, மிகுந்த அழுத்தத்தில் இரும்புக் குழாய்கள் வழியே நாசில்களுக்கு அனுப்புகிறது. நாசில் அதைப் பனிபோல் சிலிண்டருக்குள் தெளிக்கிறது. எஞ்சியது திரும்பு குழாய் வழியாக டாங்கிக்கு மீள்கிறது. இம்மாதிரிப் பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிற்று. 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனம் அவ்வகைப் பம்புகளை நம் நாட்டிலேயே செய்தளித்தது. டாட்டா லாரியாயினும் அசோக் லேலண்டு லாரியாயினும், பழைய வண்டிகளில் தத்துவம் ஒன்றே.

இவ்வழியில் பீடு பம்புக்கு முன்னுள்ள பகுதிக்கும் பின்னுள்ள பகுதிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. பின்னுள்ள பகுதியில் அழுத்தம் இருப்பதால், கசிவிருந்தால் டீசல் வெளியே சொட்டும்; கண்ணுக்குத் தெரியும். முன்னுள்ள பகுதியோ உறிஞ்சும் பகுதி. அங்கே வெடிப்பிருந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே புகும். குழாய் உலர்ந்தே காணப்படும், பழுது தெரியாது. கிணற்றில் பம்பு செட்டு வைத்திருக்கும் விவசாயிக்கு இது புதிதன்று. புட் வால்வு ஒழுகினாலோ உறிஞ்சுகுழாயின் மூட்டு தளர்ந்தாலோ மோட்டார் சுற்றியும் தண்ணீர் ஏறுவதில்லை. அதற்காக மோட்டாரைக் கழற்றி எவரும் பட்டறைக்கு அனுப்புவதில்லை. குழாயைத்தான் பார்க்கிறோம். கிணற்றடியில் உள்ள இந்த அறிவு, லாரியின் அருகில் சென்றதும் நம்மை விட்டு அகன்றுவிடுவது ஏன்?

ஆகவே, செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குச் செல்வதே முறை. முதலில், டாங்கியில் டீசல் உண்டா என்று குச்சியை விட்டுப் பார்க்கவேண்டும். பழைய வண்டியின் முள்ளை நம்பலாகாது. அடுத்து, வண்டி நின்றவுடன் டாங்கி மூடியைத் திறக்கவேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் பழுது அது. பின்னர், யந்திரத்தை நிறுத்தும் கம்பி முழுவதும் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது பாதியில் சிக்கிக்கொண்டால் டீசல் பாதியே செல்லும். டாங்கியின் அடியிலும் பில்டரின் அடியிலும் தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்கும்.

அதன்பின் பில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவேண்டும். நுரையற்ற டீசல் வரும்வரை அடித்துத் திருகை இறுக்கியபின், பெரிய பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யவேண்டும். பட்டறையில் இதையே ‘ஏர் எடுப்பது’ என்பர். எவ்வளவு அடித்தும் நுரை ஓயவில்லையெனில் காற்று எங்கோ புகுகிறது. அப்போது பீடு பம்பின் உறிஞ்சுகுழாயைக் கழற்றி, சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனைச் சற்று உயரத்தில் கட்டி, புதிய ரப்பர்க் குழாயால் நேரே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். யந்திரம் நன்கு ஓடினால் பழுது டாங்கியிலோ பழைய குழாயிலோ உள்ளது. ஓடாவிட்டால் அதற்கு முன்னே செல்லவேண்டும். பழுதின் எல்லையைப் பாதியாகக் குறைக்கும் இச்சோதனைக்கு ஒரு கேனும் ஒரு முழக் குழாயும் போதும்.

அறிகுறிகளும் பேசும். காலையில் கிளம்ப மறுத்து, கைப்பம்பு அடித்தபின் நாள் முழுவதும் நன்றாக ஓடினால், இரவில் டீசல் டாங்கிக்கே இறங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். மூட்டுகளையும் செம்பு வாஷர்களையும் பீடு பம்பின் வால்வையும் பார்க்கவேண்டும். சமவெளியில் நன்றாக ஓடி, சிறுமலை ஏற்றத்தில் பாரத்துடன் திணறினால் பில்டர் அடைப்பை முதலில் ஐயுறவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை அடையவில்லை. கரும்புகை கண்டால் நாசிலைக் குறைகூறுமுன் ஏர் பில்டரைத் தட்டிப் பார்க்கவேண்டும். யந்திரம் சீராக ஓடாமல் தட்டுமாயின், ஒரு நாசில் பழுதாகியிருக்கக்கூடும்.

அந்த நாசில் எதுவென்று அறிய, குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய வண்டிகளில் மெக்கானிக்குகள் கையாளும் வழக்கம். அதை அனுபவமுள்ளவரிடமே விடவேண்டும். நாசில் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். அத்தாரை தோலைத் துளைத்து உடம்பினுள் செல்லவல்லது. விரலில் ஊசி குத்தியதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காமன் ரெயில் முறையிலுள்ள புதிய வண்டிகளில் அழுத்தம் 1,000 கிலோவையும் கடக்கும். அவற்றில் அந்நட்டுகளைத் தொடவே கூடாது. கழுவி ஆவி போக்காத டாங்கியில் வெல்டிங் வைப்பதும் உயிருக்கு ஆபத்து.

இத்தனையும் பார்த்துப் பழுது தென்படவில்லையெனில், அப்போதே பெரிய பம்பைக் கழற்றத் தீர்மானம் எழுதலாம். அதன் உள்ளுறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. தலைமயிர் அதனினும் பன்மடங்கு தடித்தது. அவற்றுக்கு மசகாவதும் டீசலே. தண்ணீரும் தூசியும் கலந்த டீசலை ஊற்றிவிட்டுப் பம்பைப் பழுதுபார்ப்பது, புழுத்த விதையை விதைத்துவிட்டு நிலத்தை மாற்றுவது போன்றது.

சங்க லாரிக்கு இவ்வியாதி வருவதற்குத் தனிக் காரணமும் உண்டு. வரத்துக் குறைந்த மாதங்களில் அது அரை டாங்கியுடன் நாட்கணக்கில் நிற்கிறது. வெற்றிடத்திலுள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிர்ச்சியில் நீராகப் படிந்து, டாங்கி துருப்பிடிக்கிறது. மாலையில் டாங்கியை நிரப்பி நிறுத்துவது இதற்கு எளிய தடுப்பு. “டாங்கி நிறைய டீசலை வைத்தால் திருட்டுப் போகும்” என்பார் சிலர். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் அதற்கு ஒரு பூட்டு கிடைக்காதா?

“பழைய வண்டியை விற்றுவிட்டு வாடகை லாரி வைத்துக்கொண்டால் தொல்லை தீரும்” என்பது மற்றொரு வாதம். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டியிருக்கிறது என்பது மெய்யே. சான்று பெற இயலாத வண்டியைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமென்று நான் கூறவில்லை. ஆயினும் வரத்து மிகுந்த நாளில் வாடகையும் மிகும். அந்நாளில் சிறு விவசாயியின் பத்துப் பெட்டிக்காக வண்டி காத்து நிற்காது. சங்கம் லாரி வாங்கியதே அதற்காகத்தான்.

எனவே, நிர்வாகக் குழுக்கள் செய்யவேண்டியவை ஐந்து. லாக் புத்தகத்தில், வண்டி எங்கே, எத்தனை கிலோமீட்டரில், எவ்விதம் நின்றது, எப்படிக் கிளம்பிற்று என்பதற்கு ஒரு பத்தி வேண்டும். வாகனக் கைப்புத்தகம் குறிக்கும் கெடுவில் பில்டரும் வாஷரும் வாங்கச் செயலாளருக்கு நிலையான அனுமதி அளிக்கவேண்டும். கழற்றிய பில்டரை வெட்டிப் பார்த்து, அதில் கண்டது துருவா, சேறா, பாசியா என்று அப்பத்தியிலேயே எழுதவேண்டும். பம்பைக் கழற்றும் தீர்மானத்திற்கு முன் மேற்கூறிய சோதனைகள் செய்யப்பட்டதற்கான குறிப்பு குழுவின் முன் வைக்கப்படவேண்டும். ஐந்தாவதாக, டிரைவரின் வாய்மொழியைக் கேளாமல் அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாகாது. ஆய்வாளர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. உடைந்தபின் செய்த பெருஞ்செலவைச் சீட்டிருக்கிறதென்று ஏற்பதும், உடையாமலிருக்கச் செய்த சிறு செலவைச் சந்தேகிப்பதும் சிக்கனமாகாது.

நெசவாளச் சகோதரர்கள் இது தங்களுக்குரிய விஷயமன்று என்று கருதவேண்டாம். சின்னாளப்பட்டியின் தறியில் பாவு நூல் அடிக்கடி அறுந்தால், அனுபவமுள்ளவர் நெய்பவரின் கையைக் குறைகூறுமுன் நூலின் முறுக்கைப் பார்ப்பார், கஞ்சியைப் பார்ப்பார், அச்சைப் பார்ப்பார். அந்த நிதானமே லாரிக்கும் வேண்டும், சங்கத்திற்கும் வேண்டும்.

அந்த டிரைவரை மீண்டும் வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் இழந்த நாட்களின் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தக்காளிக்காரர்களின் நஷ்டமும் ஏறவில்லை. என் ஆய்வுக் குறிப்பு மட்டும் இன்றும் கோப்பில் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. பழுது எங்கே என்று தேடிக் காணுமுன் பழியை எவர்மேலும் இறக்காதிருப்பதே கூட்டாக வாழ முற்பட்ட நமக்கு அழகாகும்.