நூலக வரி கட்டுகிறோம்... நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?

‘‘எங்கள் ஊர் நூலகக் கட்டடம் சில ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. இரண்டு அலுவலகங்களுக்கு அலைந்துவிட்டோம். ‘அது எங்களுடையது இல்லை’ என்று இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அந்த நூலகம் யாருடையது? திறக்க என்ன வழி?’’

- வாசகர் ஒருவர், அந்தநல்லூர் ஒன்றியம், திருச்சி மாவட்டம்.

முதலில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. 300 ரூபாய் வீட்டு வரி கட்டினால், 30 ரூபாய் நூலகத்துக்கு. ஆக, நூலகம் யாரோ இலவசமாகத் தருவது அல்ல. நீங்கள் பணம் கட்டும் சேவை.

இந்த வரிக்குப் பின்னால் டெல்டாவின் கதை இருக்கிறது. 1931-ம் ஆண்டு, மன்னார்குடி அருகே மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை, மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர், சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஆனால், தனி ஒருவரின் கைக்காசில் எத்தனை காலம் வண்டி ஓடும்? நூலகத்துக்கு நிலையான வருமானம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் பல ஆண்டுகள் வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் மாநில நூலகச் சட்டம் இதுதான். ரூபாய்க்கு அரையணா என்று தொடங்கிய வரிதான் இன்று 10 காசாக இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கிராமங்களில் இரண்டு வகை நூலகங்கள் உண்டு. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் ஆகியவை மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பு. மற்றது, 2006-ல் தொடங்கிய ‘அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்ட’த்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட நூலகம். அது ஊராட்சியின் சொத்து. உள்ளூர்க்காரர் ஒருவரைச் சொற்ப மதிப்பூதியத்தில் பொறுப்பாக வைத்து நடத்தினார்கள். அவர் நின்றுபோனதும் பல ஊர்களில் கதவும் சாத்தப்பட்டது. இங்கேதான் சிக்கல். கட்டடம் ஊராட்சியிடம், நீங்கள் கட்டும் நூலக வரியோ ஆணைக்குழுவுக்குப் போகிறது.

எனவே, இப்படிச் செய்யுங்கள்.

கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். ஆணைக்குழுவுடையது என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கும், ஊராட்சியுடையது என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியிடம் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு? ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு? 30 நாள்களில் பதில் தர வேண்டும்.

அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் நடக்கும். ‘ஊராட்சியே ஆள் போட்டுத் திறக்க வேண்டும், முடியாவிட்டால், இந்தக் கட்டடத்தில் பகுதிநேர நூலகம் நடத்த ஆணைக்குழுவைக் கேட்க வேண்டும்’ என்று தீர்மானம் கொண்டுவந்து, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

திறந்த பிறகும் வேலை இருக்கிறது. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் வர முடியும். நேரத்தை அதற்கேற்பக் கேளுங்கள். வாசகர் வட்டம் அமையுங்கள். வசதி உள்ளவர்கள் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம். ஆள் வந்து போகிற நூலகத்தைப் பூட்டுவதற்கு யாரும் யோசிப்பார்கள்.