இதயம் மட்டும் ஊருக்கு!

பிறந்த மண்ணில், மனைவியின் அருகில் புதைக்கப்பட வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். அவர் புகழ் பெற்றவர் என்பதற்காக மற்றவர்கள் அதை மாற்றலாமா?

ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டிக்கு இது நேர்ந்தது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள டார்செட் ஜில்லாவில், 1840-ல், ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தார் ஹார்டி. கட்டடக் கலை பயின்று லண்டன் போனார். பட்டணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கிய பிறகு, 1883-ல் டார்செஸ்டருக்கே குடி வந்துவிட்டார். ஊருக்கு வெளியே வீடு கட்டினார். படம் போட்டவர் அவரே; கட்டிக் கொடுத்தவர்கள் தகப்பனாரும் தம்பியும். 1885 முதல் சாகும்வரை, 42 வருஷம், அங்கேதான் வாழ்ந்தார்.

ஊர் அவருக்குக் கதைகளை அள்ளிக் கொடுத்தது. உள்ளூரின் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். 1886-ல் வந்த நாவலில் ஒரு குடிகாரன் சந்தையில் மனைவியை ஏலம் போட்டு விற்கிறான். அப்படிப்பட்ட செய்திகள் அந்தப் பத்திரிகைகளிலேயே இருந்தன!

1895-ல் வெளியான 'ஜூட்' நாவலைப் பலர் ஆபாசம் என்று தூற்றினார்கள். ஒரு பிஷப், அதை நெருப்பில் போட்டதாகவே சொன்னார். அதன்பின் ஹார்டி புதிதாக நாவல் எழுதவில்லை. கவிஞரானார்.

வீட்டுக்குள்ளும் அமைதி இல்லை. மனைவி எம்மாவோடு மனஸ்தாபம். கடைசி வருஷங்களில் அந்த அம்மாள் மாடி அறையில் தனியாகவே ஒதுங்கி இருந்தார். 1912-ல் அவர் இறந்த பிறகுதான் கிழவருக்குப் பழைய அன்பு பொங்கியது. இருவரும் காதலித்த கார்ன்வால் கடற்கரைக்குப் போய்வந்தார். எம்மாவை நினைத்து உருகி உருகிக் கவிதை எழுதினார். அவர் எழுதியவற்றில் அவையே சிறந்தவை என்பார்கள். இருக்கும்போது நாலு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம்!

1914-ல் மறுமணம் செய்துகொண்டார். ஆனாலும் ஸ்டின்ஸ்போர்டு மாதா கோயில் தோட்டத்தில், எம்மாவின் குழியிலேயே அடக்கமாக வேண்டும் என்பதுதான் ஆசை.

1928 ஜனவரி 11-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். லண்டனில், வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில்தான் அடக்கம் என்று பிரமுகர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நாடகாசிரியர் பாரி முன்னின்று ஏற்பாடு செய்தார். குடும்பத்தாருக்கு இதில் சம்மதமில்லை. கடைசியில் ஒரு ராஜி! இதயத்தைத் தனியே எடுத்து எம்மாவிடம். உடலைத் தகனம் செய்து, சாம்பலை லண்டனில்.

கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. ஆனாலும் தவறு என்பதே நம் கருத்து. நாட்டுக்கு அவருடைய புத்தகங்கள் இருந்தன. அந்த அம்மாளுக்கு வேறென்ன இருந்தது?

ஜனவரி 16-ந் தேதி, ஒரே நேரத்தில் இரண்டு சடங்கு. லண்டனில் பிரதம மந்திரி பால்டுவின், கிப்ளிங், பெர்னார்ட் ஷா ஆகியோர் உடன் நடந்தார்கள். ஸ்டின்ஸ்போர்டில், வீடு கட்டிக் கொடுத்த தம்பி ஹென்றி, ஊராருடன் நின்றார்.