கைப்பேசியில் கையெழுத்துக்கும் இடம் வேண்டும்

கைப்பேசியில் தமிழ் எழுத விசைப்பலகை ஒன்றே மார்க்கம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பள்ளிப் பிராயத்தில் ஏட்டில் எழுதிப் பழகிய அப்பியாசத்தைக் கொண்டே திரையின்மீது விரலால் எழுத, அதனை இயந்திரம் படித்து அச்செழுத்தாக மாற்றித் தரும் வசதி நெடுநாளாக இருந்தும், அதை அறிந்தவர் சிலர். உபயோகிப்பவர் அவரினும் சிலர்.

இவ்வசதி ஒரு நாளில் முளைத்ததன்று. கொம்பும் காலும் தனித்து நிற்கும் இயல்பினால் 247 எழுத்துகளோடு கிரந்த எழுத்துகளையும் 156 உருவங்களுக்குள் அடக்கிவிடலாம் என வகுத்து, பெங்களூரில் இயங்கிய எச்.பி. ஆய்வுக்கூடத்தார் திரட்டிய கையெழுத்து மாதிரிகளைக் கொண்டு, அவ்வெழுத்துகளை இயந்திரத்தைப் படிக்கச் செய்வதில் 2006-ல் ஆராய்ச்சியாளரிடையே போட்டியே நடைபெற்றது. 2015-ல் கூகுள் நிறுவனம் 82 மொழிகளுக்கென வெளியிட்ட கையெழுத்துச் செயலியில் தமிழும் இடம்பெற்றது. இன்று அவ்வசதி அந்நிறுவனத்தின் ஜீபோர்டு விசைப்பலகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தமிழை மட்டுமே கற்ற முதியவர் ஒருவர், தம் மகனுக்கு நான்கு வரி எழுத, ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டும் பலகையில் அம்மா என்பதற்கும் ஆங்கில எழுத்துகளைத் தேடவேண்டியிருப்பதும், ந, ன, ண மூன்றையும் ஆங்கிலத்தின் 'என்' என்னும் ஒரே எழுத்துக்குள் திணித்து, இயந்திரம் நீட்டும் சொற்களுள் ஒன்றைப் பொறுக்கவேண்டியிருப்பதும் எவ்வகையில் நியாயம்? 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 பலகை இக்குறையை நீக்கியது மெய்யே. எனினும், 'கொ' என்பதற்குக் கொம்பை முதலில் இட்டுப் பழகிய கை, அங்கே ககரத்தை முதலில் தட்டும் புதிய முறையைப் பயிலவேண்டும்.

விசைப்பலகையின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை. நீண்ட கட்டுரைக்கும் அலுவலகக் காரியத்துக்கும் அதன் வேகம் அவசியம். விரலால் எழுதுகையில் ரகரமும் காலும் ஒன்றாய்த் தோன்றி இயந்திரம் மயங்குவதும் உண்டு. ஆனால் சிறு கடிதத்துக்கும் கடைக் கணக்குக்கும் விரலெழுத்தே போதுமானது.

ஆகவே, தமிழைத் தேர்ந்தெடுத்தவுடனேயே கையெழுத்து, விசைப்பலகை இரண்டையும் சரிசமமாகக் காட்டித் தெரிவு செய்யுமாறு கேட்பது, அமைப்புகளின் ஆழத்தில் இவ்வசதியைப் புதைத்துவைத்திருக்கும் நிறுவனங்களின் கடமை. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் வயதுவந்தோருக்கு எழுத்தறிவிக்கும் அரசும், அவர்கள் ஏட்டில் எழுதக் கற்கும் அதே வகுப்பில், கைப்பேசித் திரையில் விரலால் எழுதவும் கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும். எழுத்தறிவு பெற்ற ஒருவர், தம் தாய்மொழியில் செய்தி அனுப்ப இன்னொரு மொழியின் எழுத்துகளையோ புதிய தட்டெழுத்து முறையையோ கற்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இனியும் நீடிக்கலாகாது.