பிறர் பாவத்தை அறிக்கையிடுவோர்

ஆனிச் சாரல் குற்றால மலையை நனைக்கும் நாள்களில், அண்டையிலுள்ள செங்கோட்டையில் ஆண்டுதோறும் வாஞ்சிநாதன் சிலைக்கு மாலைகள் சூட்டப்படுகின்றன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் நெல்லை ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டவர் அவர். மாலைகள் வாடுமுன்பே தென்காசித் தேநீர்க் கடைகளிலும் கட்சி மேடைகளிலும் வழக்காடல் தொடங்கிவிடும். வரலாற்றை அறிவதற்கான வழக்கன்று அது. வரலாற்றையே கல்லாக்கி எதிர்க்கட்சியின்மேல் எறியும் விளையாட்டு.

ஒரு சாரார் வாஞ்சியின் தியாகத்தை முழங்குவர். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை மட்டும் வாசிக்கமாட்டார். சனாதன தருமத்தின் பெயரால் கொலையை நியாயப்படுத்தும் அக்கடிதம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் என இகழ்கிறது. 

மறு சாரார் அக்கடிதத்தை மட்டுமே வாசிப்பர். ஆஷைப் புனிதராக்கிப் பீடமேற்றுவர். குற்றால அருவியை எல்லாச் சாதியார்க்கும் திறந்துவிட்டவர் அவரே என்பர். அக்கால ஆவணம் எதையும் காட்டமாட்டார். சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்க அவர் உழைத்ததும், 1908இல் வ.உ.சி. கைதானபோது கொதித்தெழுந்த நெல்லையில் நால்வர் குண்டுக்கு இரையானதும் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

நாட்டுக்காக உயிர் தந்தவர் நெஞ்சிலும் சாதிச் செருக்கு இருக்கலாம். அதைச் சொல்வதால் ஒடுக்கிய அதிகாரி தூயவராகிவிடமாட்டார். இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவே நேர்மை.

கிறிஸ்தவர்களாகிய நாம் மட்டும் என்ன? வாஞ்சியின் கடிதத்தைச் சுட்டிக்காட்ட நம் விரலும் விரைகிறது. ஆனால் வடக்கன்குளத்தில், நம் ஆலயத்துக்குள்ளேயே, சாதிக்கொரு பக்கமாய் இறைமக்களைப் பிரித்து நின்றது ஒரு சுவர். கௌசானல் அடிகளார் காலத்தில் 1910இல் அது அகற்றப்பட்டது. மணியாச்சிக் கொலைக்கு ஓராண்டுக்கு முன்புதான். அகற்றியதை எதிர்த்து நீதிமன்றப் படியேறியவர்களும் நம்மவர்களே. இதை நாம் எத்தனை மேடைகளில் சொன்னோம்?

ஒப்புரவு அருட்சாதனத்தில் அயலாரின் பாவங்களை அறிக்கையிட எவரும் முழந்தாளிடுவதில்லை. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் மக்கள் வரலாற்றில் இழைத்த பாவங்களுக்காக உலகறிய இறைமன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுமையுறவில்லை.

எனவே, கட்சி எதுவாயினும், வரலாறு பேச எழும் நம் இளைஞரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: எதிராளியிடம் கேட்கும் சான்றை முதலில் உம் தலைவரிடம் கேளும், எதிராளியின் முன்னோரை நிறுக்கும் தராசில் உம் முன்னோரையும் நிறும். அதற்கு மனமில்லையேல், இறந்தோரை உறங்கவிடும்.