வாசலில் நிற்பவன் அந்நியனா?

"இளைஞர்கள் நம்மைக் கைவிட்டுவிட்டார்கள்" என்ற புலம்பல், சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களிலே தலைவர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கின்றது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலிலே, இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தமிழர் ஒருவர் தெரிவானார். அவர், திரு. சுந்தரலிங்கம் பிரதீப், எந்தத் தமிழ்க் கட்சியின் பட்டியலிலும் நின்றவரல்லர். தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்றவர். அன்று தொட்டு இப்புலம்பல் ஓங்கிற்று. நன்றி கெட்ட தலைமுறை என்பார் சிலர். கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்பார் சிலர். பெருங்கட்சிகளின் மாயவலை என்பார் வேறு சிலர். நாம் கேட்பது வேறு. அவர்கள் நம்மைவிட்டுப் போனார்கள் என்றால், முதலில் நம்மிடம் வந்திருக்க வேண்டுமன்றோ? வந்தவர்களை நாம் உள்ளே விட்டோமா?

அண்மையிலே களனிப் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. எந்தப் பெயரை இட்டாலும் கதை பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை மாலை, கோவில் மண்டபத்திலே கிளைக் கூட்டம். ஒழுகும் லயக் கூரையையும், கடிதம் வந்து சேராத முகவரியையும் பற்றிப் பேச்சு நடந்தது. கொழும்பிலே ஒரு கடையில் வேலைசெய்யும் இளைஞன், விடுமுறைக்கு வந்தவன், எழுந்து நின்றான். உயர்தரம் வரை படித்தவன். பிரதேச செயலகத்துக்கு அனுப்பவேண்டிய மனுவைத் தானே எழுதித் தருவதாகவும், தன்னையும் அங்கத்தவனாகச் சேர்த்துக்கொள்ளும்படியும் பணிவாகக் கேட்டான்.

"தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார் தலைவர்.

அவன் தகப்பன் பெயரைச் சொன்னான்.

"அவரு மத்தச் சங்கத்து ஆளாச்சே! சரி, செக்ரோல்ல ஒனக்குப் பேர் இருக்கா?"

"இல்லீங்க தலைவரே. நான் கொழும்புல வேலை செய்றேன். ஆனா வீடு இங்கதான். ஓட்டும் இங்கதான்."

"இன்னைக்கு இங்க இருப்ப, நாளைக்குக் கொழும்புக்குப் போயிருவ. ஒன்னை நம்பி எப்படிப்பா சேக்கிறது?"

கூட்டம் சிரித்தது. இளைஞன் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். கூட்டம் கலைந்தபின், பால் வெட்டும் பெண்ணொருத்தி நம்மிடம் வந்து, "ஐயா, நான் இருபத்தொரு வருசமாச் சந்தா கட்டுறேன். ஒருநாளாவது நீ என்ன நினைக்கிறன்னு ஒருத்தரும் கேட்டதில்லைங்க" என்றாள். நாம் மேடையிலே அமர்ந்திருந்தவர்கள். நம் கழுத்திலே மாலை இருந்தது. அந்த இளைஞன் வெளியேறியபோது நாமும் வாய் திறக்கவில்லை. இக்கட்டுரை அம்மௌனத்துக்கு நாம் நமக்கே விதித்துக்கொண்ட அபராதம்.

நாம் சட்டம் பயின்றவர்கள். அத்தலைவர் கேட்ட கேள்விகள் நமக்குப் புதியனவல்ல. அவற்றை ஒரு காலத்தில் நம் மக்களை நோக்கியே கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், "உன் தகப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்?" என்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவன் சான்றுக்கு எங்கே போவான்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சென்றன. பிரஜைகளாக ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இக்கொடுமையை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்ற வழக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதை நம் தலைவர்களில் எத்தனை பேர் அறிவர்? கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்தே புறப்பட்டது. கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை அத்தொகுதியின் வாக்காளர் இடாப்பில் சேர்க்குமாறு கேட்டார். பிரஜையல்லர் என்று பதிவதிகாரி மறுத்தார். இச்சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றன என்று மீளாய்வு அதிகாரி தீர்த்து, அவருக்குச் சார்பாகக் கட்டளையிட்டார். 1951இல் உயர் நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் கைவிரித்தது. இந்தியத் தமிழரின் போக்குவரவுப் பழக்கம், அவர்கள் பிரஜைகளாகத் தகுந்தவரா என்பதைத் தீர்மானிப்பதற்குப் பொருத்தமான விடயமே என்று அக்கவுன்சில் கருதியது.

வாசகர்களே, "இன்னைக்கு இங்க இருப்ப, நாளைக்குப் போயிருவ" என்ற வார்த்தையின் மூலம் எது என்பது விளங்குகின்றதா? இலண்டனிலே சட்ட மொழியிற் சொன்னதை, களனிப் பள்ளத்தாக்கிலே கோவில் மண்டபத்தில் நம் தலைவர் நம் மொழியிற் சொன்னார். நம் பாட்டனை எந்த நியாயத்தால் வெளியே தள்ளினார்களோ, அதே நியாயத்தால் நாம் நம் பேரனை வெளியே தள்ளுகின்றோம்.

இப்பகுதியின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம். தோட்டத்தின் வாசலை முதலிற் காவல் காத்தவர் துரை. வெளியார் உள்ளே வருவது அத்துமீறல் என்பது அவர் சட்டம். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுள் நுழைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் புதியவர், அந்தப் புதியவரை லய மக்கள் தம்மவராகவே கொண்டனர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடிய பாடல்களை அவர்கள் தம் பாடல்களாகக் கொண்டனர். கொழும்பிலோ நிலைமை வேறு. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்திலே உபதலைவராயிருந்த நடேசய்யர் அங்கிருந்து பிரிய நேர்ந்தது. பின்னர் அவ்வியக்கம் இந்தியத் தொழிலாளரை வெளிப்படையாகவே பகைக்கத் தொடங்கியது. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் கண்டார். குணசிங்கவின் செல்வாக்கோ அந்தப் பத்தாண்டுகளுள்ளேயே தேய்ந்தது.

ருவன்வெல்லையையே மீண்டும் பாருங்கள். 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, கொழும்பிலிருந்து மருந்தும் உணவும் சுமந்துகொண்டு இளைஞர் கூட்டமொன்று வந்தது. அவர்களுள் ஒருவர் இலண்டனிலே படித்துத் திரும்பிய என். எம். பெரேரா. ஊருக்கு அவர் அந்நியர். "உன் பாட்டன் யார்?" என்று எவரும் கேட்கவில்லை. 1936இல் அவரையே சட்டசபைக்கு அனுப்பினர். அவருடைய சமசமாஜக் கட்சி 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆயின் வாக்கு இல்லாதவரை மறப்பது எளிது. 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கட்சி அமைச்சரவையிலே சேர்ந்தது. அக்டோபர் 30ஆந் திகதி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவ்வேளை நிதியமைச்சர் என். எம். பெரேரா. 1977இல் அக்கட்சிக்குப் பாராளுமன்றத்திலே ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. யாரைச் சேர்த்து வளர்ந்ததோ அவரைக் கைவிட்டதும் அவற்றுள் ஒன்று என்பதே நம் துணிபு.

இனி நமக்கு மறுமொழி கூறுவோரின் வாதங்களை எடுத்துக்கொள்வோம். "புதிதாக வருபவன் பிற கட்சியின் உளவாளியாக இருக்கலாம்" என்பது முதல் வாதம். இருக்கலாம். உளவாளிக்கு அஞ்சுபவன் ஒளிக்கவேண்டியது என்ன? கணக்கும் தீர்மானமும் எல்லார் முன்னும் வாசிக்கப்படும் கிளையிலே உளவு பார்க்க ஒன்றுமில்லை.

"சங்கம் தொழிலாளிக்கே உரியது, செக்ரோலில் பெயரில்லாதவனுக்கு இடமில்லை" என்பது இரண்டாவது வாதம். சம்பளப் பேச்சுக்கு அது பொருந்தும். ஆனால் கூரைக்கும் காணிக்கும் முகவரிக்கும் பாதைக்கும் அது எப்படிப் பொருந்தும்? லயத்திலே வாழும் இளைஞரிற் பலர் இன்று தோட்டத்திலே வேலைசெய்வதில்லை. கடையிலும் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் இருக்கின்றனர். அவர்கள் வாக்கு மட்டும் வேண்டும், குரல் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

"கற்றவர்கள் வந்து எங்களுக்குப் பாடம் நடத்துகின்றனர்" என்பது மூன்றாவது வாதம். இதிலே உண்மை உண்டு. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தோட்டத்துக்கு வரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும், முதல் நாளிலேயே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். நாமும் செய்திருக்கின்றோம். முப்பது ஆண்டுகள் அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று சங்கத்தைக் காத்தவர் முன், புதியவன் முதலிற் கேட்கவும் பின்னர் பேசவும் கற்கவேண்டும். புதியவனுக்குக் கடமை உண்டு. அக்கடமையைச் சொல்லிக்கொடுத்து உள்ளே அழைப்பது பழையவனுடைய கடமை.

வடபுலத்து வாசகர்கள் இதை மலையகத்தார் குறை என்று எண்ணிச் சிரிக்கவேண்டாம். 1977ஆம் ஆண்டின் வன்செயலிலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைத் தாக்கிய வன்செயலிலும் வீடிழந்தோரிற் பலர் வன்னிக்கு வந்தனர். காடு வெட்டினர், கமம் செய்தனர். அவர்கள் பிள்ளைகள் வன்னி மண்ணிலே பிறந்தவர்கள். அவர்களை இன்னும் "தோட்டக்காட்டான்" என்று அழைக்கும் வாய்கள் நம்மிடையே இல்லையா? கமக்காரர் அமைப்பிலும் கட்சிக் கிளையிலும் அவர்களை வாக்காளராக மட்டும் கண்டு, தலைவராகக் காண மறுக்கும் கண்கள் இல்லையா? 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது, மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பறிப்பை எதிர்த்தன்றோ? அந்த வரலாற்றைச் சொல்லிப் பெருமைப்படுபவன், தன் கிராமத்துச் சங்கத்தில் ஒரு கதிரையை ஏன் ஒதுக்கவில்லை?

வாசலை மூடுவதன் விளைவு என்ன? 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அவமானப்பட்டு வெளியேறியவன் இன்னும் ஆறு பேரைத் தேடுகின்றான். நுவரெலியாவிலே தமிழர் செறிந்து வாழ்கின்றனர். பிளவுபட்டாலும் யாரோ ஒருவர் தெரிவாவர். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நம் மக்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே, தோட்டந் தோட்டமாகச் சிதறி வாழ்கின்றனர். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தெஹியோவிட்டையிலும் எட்டியாந்தோட்டையிலும் உள்ள வாக்குகளை ஒன்றாகக் கூட்டினாலன்றி இங்கு எதுவும் நடவாது. 2012ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தலிலே சேவல் சின்னத்தின் கீழ் 44 ஆசனங்களுள் 2 ஆசனங்கள் கிடைத்தன. சிறு தொகைதான், ஆயினும் கைகோத்தால் கிட்டும் என்பதற்கு அது சான்று. ஒருவனை விரட்டுவது பத்து வீட்டை விரட்டுவது. விதைநெல்லைப் பெட்டியிலே பூட்டிவைத்துவிட்டு, வயல் விளையவில்லை என்று வானத்தை ஏசும் கமக்காரனை நாம் என்னென்போம்?

ஆகவே ஒவ்வொரு கிளையும் பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும் என்று கேட்கின்றோம். முதலாவது, தோட்டத்தில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எவரும், செக்ரோலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகப்பன் எந்தச் சங்கமாயினும், குடியிருப்போர் குழுவொன்றில் அங்கத்தவராகலாம் என்று விதி செய்யவேண்டும். இரண்டாவது, விண்ணப்பத்துக்கு 30 நாட்களுள் எழுத்திலே விடை கொடுக்கவேண்டும். மறுப்பதாயின் காரணம் கூறவேண்டும். மறுக்கப்பட்டவர் மாவட்டக் குழுவிடம் முறையிட வழி இருக்கவேண்டும். காரணம் கூறாது மறுப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று அரசாங்கத்திடம் வாதிடும் நாம், அந்நீதியை நம் வீட்டிலே கடைப்பிடிக்கவேண்டாமா? மூன்றாவது, சந்தா செலுத்துவோரில் பெண்கள் எத்தனை பங்கோ, கிளைக் குழுவிலும் அத்தனை பங்கு அவர்களுக்கு இருக்கவேண்டும். கூட்டம் அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்திலே கூடவேண்டும். நான்காவது, ஒருவர் தொடர்ந்து இரு தவணைகளுக்கு மேல் கிளைத் தலைவராக இருத்தலாகாது. ஐந்தாவது, ஆண்டுக்கொருமுறை சந்தாக் கணக்கைச் சபையிலே உரத்து வாசிக்கவேண்டும்.

இவற்றுக்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. கொழும்பின் கருணையும் தேவையில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் நம் மக்களைவிட்டு நீங்கிற்று. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நாடு கிடைத்தபின் சங்கமற்றவர், கட்சியற்றவர், குரலற்றவர் என்று ஒரு புதிய கூட்டத்தை நம் கையாலேயே உண்டாக்குவோமாயின், அப்பழியை எந்தத் துரைமீதும் எந்த அரசின்மீதும் சுமத்த முடியாது. அந்த இளைஞன் இன்று கொழும்பிலே இருக்கின்றான். அடுத்த விடுமுறைக்கு வருவான். அவன் வரும்போது அக்கோவில் மண்டபத்திலே அவனுக்கு ஓர் இடம் இருக்கவேண்டும். தலைவர்களே, அவனிடம் அவன் தகப்பனின் சங்கத்தைக் கேட்காதீர்கள்; அவன் எழுதித் தருவதாகச் சொன்ன மனுவைக் கேளுங்கள்.